கருந்துளை கக்கிய மத்தியானம்

விமானம் ஏறிப் போனவர்கள்தான் பயணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. என் மகள் ஜெசிந்தா கடல் தாண்டி, கண்டம் தாண்டிப் பறந்து வந்தாள். வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "சாப்பாடு குடுத்தாங்க, தூங்கிட்டேன்" என்று முடித்துவிட்டாள். நான் மூன்று நாள் திண்டுக்கல், வேடசந்தூர், சின்னாளப்பட்டி என்று போய்வந்தேன். எழுத உட்கார்ந்தால் நோட்டு போதவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை மெதுவாகத்தான் ஓடும். ஓடட்டும், எனக்கு என்ன அவசரம்.

போன காரியம் இது. மகன் வழிப் பேத்திக்குப் புதுநன்மை. கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்குகிற நாள். அதற்குச் சொந்தக்காரர்களை அழைக்க வேண்டும். எங்கள் சனத்தில் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அது அழைப்பே இல்லை. வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டி, அந்த வீட்டில் கை நனைத்துவிட்டு வர வேண்டும். நனைக்காமல் வந்தாலோ, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாலோ, அந்தப் பிள்ளை பெரியவளாகிக் கல்யாணம் ஆகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். மகனுக்கு லீவு இல்லை. வீட்டுக்காரர் மல்லிகைத் தோட்டத்தை விட்டு வரமாட்டார். ஆக, நானும் ஜெசிந்தாவும்தான்.

அவள் வெளிநாட்டில், வானத்திலிருந்து வருவதை வாங்குகிற பெரிய பெரிய தட்டுகள் நிற்கிற இடத்தில் பன்னிரண்டு வருசமாக வேலை பார்க்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு நாலு வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "அம்மா, இந்த வாரம் ஒண்ணு முழிச்சிருக்கு. போன் என் கையிலயே இருக்கணும்." கிரிக்கெட் பார்க்கிறவர்கள் அடிக்கடி ஸ்கோர் பார்ப்பார்களே, அப்படி ஏதோ என்று நினைத்து, "இருக்கட்டும்" என்றேன்.

முதல் நாள் பஸ்ஸில் எங்களுக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் கைப்பிள்ளையோடு ஒரு பெண் ஏறினாள். நின்றுகொண்டே வந்தவள், கேட்கவே இல்லை, பிள்ளையை ஜெசிந்தாவின் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இங்கே அப்படித்தான். உட்கார்ந்திருக்கிறவர் மடி பொது. ஜெசிந்தா ஒரு நிமிசம் திகைத்தாள். அவள் இருக்கிற ஊரில் பக்கத்து சீட்டில் பையை வைப்பதற்கே மன்னிப்புக் கேட்பார்களாம்.

"அக்கா எங்கன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண், பாட்டிலைப் பிள்ளை வாயில் வைத்தபடி.

"வெளிநாட்டுலம்மா. கருந்துளை கேள்விப்பட்டிருக்கியா?"

"எல்லாத்தையும் முழுங்கிப்புடும்பாங்களே, அதா? போன்ல பாத்தேன்."

"அதேதான். ஆனா நான் பாக்குறது சோடியாச் சுத்துறது. ஒண்ணு நம்ம சூரியன் மாதிரி நட்சத்திரம், இன்னொண்ணு கருந்துளை. நட்சத்திரத்து மேல இருக்குற வாயுவை அது உருவி இழுத்துக்கும். இழுத்தது நேரா உள்ள விழாது. தொட்டித் தண்ணி ஓட்டைக்குள்ள இறங்கறப்ப சுழலுமில்ல, அந்த மாதிரித் தட்டாட்டம் சுத்திச் சுத்திக் கொதிச்சுத்தான் விழும். கொஞ்சம் மட்டும் விழாம, மேல ஒரு பக்கம் கீழ ஒரு பக்கமுன்னு பீச்சி அடிக்கும். வெளிச்சம் ஓடுற வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஓடும்."

"திங்கிறப்பவே துப்புமாக்கா?"

"ஆமா. எப்படித் தின்னா எப்படித் துப்புதுன்னு பாக்குறதுதான் என் வேலை."

முன் சீட்டில் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். "இதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?" என்றார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பிள்ளை ஜெசிந்தாவின் தோளில் மொத்தமாகக் கக்கியது. அந்தப் பெண் பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. குடிச்சுக்கிட்டே இருக்கறப்ப ஓரமா வழியும், அது ஒண்ணும் செய்யாது. வேகமாக் குடிச்சா வழியறதும் கூடும். நான்தான் பாட்டிலைப் பிடிக்கிற சாய்வை மாத்திட்டேன். சாய்வு மாறுனா மொத்தமாக் கக்கிருவான். கக்கிட்டான்னா அப்புறம் வழியறதே நின்னுரும்."

ஜெசிந்தா தோளில் பாலோடு அவளையே பார்த்தாள். "நான் பன்னண்டு வருசமாப் படிக்கிறதை நீ ஒரு ஸ்டாப்புக்குள்ள சொல்லிட்டியேம்மா!" என்றாள். பிறகு அவளுக்கே விளக்கினாள். கருந்துளை ஒரு விதமாகத் தின்னும்போது பீச்சு நிலையாக வருமாம். தீனி கூடக்கூடப் பீச்சும் கூடுமாம். பிறகு ஒரு கட்டத்தில் தின்கிற விதமே மாறும். மாறுகிற அந்தச் சமயத்தில் உருண்டை உருண்டையாகக் கக்கிவிட்டு, பீச்சு நின்றே போய்விடுமாம். "ஒரே ஒரு வித்தியாசம். உள்ள போனது எதுவும் திரும்பி வராது. பீச்சுறது உதட்டோரத்துலயே திரும்புனது."

"அப்ப நம்ம பிள்ளை தேவல. உள்ள போனதையே வெளிய கொண்டாறானே!" என்று சிரித்தாள் அந்தப் பெண். பிள்ளையை வாங்கிக்கொண்டு அடுத்த ஊரில் இறங்கிப் போனாள்.

திண்டுக்கல்லில் இறங்கியதும் பிரியாணி. மலைக்கோட்டையைப் பார்க்காமல் யாரும் திண்டுக்கல்லை விட்டுப் போகலாம், பிரியாணி சாப்பிடாமல் போகக் கூடாது. சின்னச் சின்ன அரிசி, நெய்யும் மிளகும் மணக்கும். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அங்கே ஒரு தட்டுச் சோற்றை முள்கரண்டியால் குத்திக் குத்தித் தின்பதைச் சொன்னாள். பாவமாக இருந்தது.

ராத்தங்கல் என் அண்ணன் வீட்டில். பொழுது சாய்வதற்கு முன்பே இலை போட்டுவிட்டார்கள். தட்டில் பத்திரிகை கொடுத்தாயிற்று, எல்லோரும் உட்கார்ந்தோம். ஜெசிந்தாவின் போன் டிங் டிங் என்றது. இடது கையால் எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை என்றால் போகட்டும். மூன்று தடவை. நாலாம் தடவை எழுந்து வாசலுக்கே போய்விட்டாள்.

அண்ணன் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "என்ன புஷ்பம், ஒம் பிள்ளை சோத்தையும் போனையும் சேத்துப் பிசையுது? எங்க வீட்டு வெஞ்சனம் வாயில வைக்க ஏலலையோ?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது. மரியபுஷ்பத்தின் பிள்ளையைப் பற்றி இதுவரை யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

படுக்கப் போகுமுன் ஜெசிந்தா என்னிடம் விவரமாகத்தான் சொன்னாள். அந்தக் கருந்துளை இப்போது தீனியைக் கூட்டிக்கொண்டே போகிறதாம். தின்கிற விதம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். "எங்களுக்கு இந்த வருசம் ஒரே ஒரு தடவைதான் குடுத்திருக்காங்கம்மா. 'இப்பத் திருப்புங்க'ன்னு நான் சொன்னாத்தான் தட்டுகளை அந்தப் பக்கம் திருப்புவாங்க. முன்கூட்டிச் சொன்னா அது சும்மா இருக்கும், வாய்ப்பு வீணாப் போகும். பிந்திச் சொன்னா கக்கி முடிச்சிருக்கும். இதுக்காக ஏழு வருசமா எழுதி எழுதிக் கேட்டிருக்கேன்."

"சரி சரி" என்றேன். சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். மனசு முழுக்க ரசம் ஊற்றினவள் சொன்ன வார்த்தையிலேயே கிடந்தது.

இரண்டாம் நாள் வேடசந்தூர். வழியில் ஒரு கூத்து. டீ குடிக்க நின்ற இடத்தில் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார், கண்டக்டரை விட்டுவிட்டு. செத்த தூரம் போனபிறகுதான் ஒரு அம்மாள் சில்லறை கேட்கத் திரும்பி, "ஏப்பா, டிக்கெட்டு குடுக்கற ஆளையே காணோமே!" என்று சத்தம் போட்டாள். கண்டக்டர் ஒருவருடைய பைக்கின் பின்னால், விசிலை ஊதிக்கொண்டே வந்து சேர்ந்தார். ஏறியதும் டிரைவரைப் பார்த்து, "நீயே டிக்கெட்டும் போட்டுக்க மாப்ள" என்று பையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சமாதானம் ஆக இரண்டு ஸ்டாப் ஆயிற்று.

எங்கள் பக்கம் கிணறும் பூவுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. இந்தப் பக்கம் செம்மண்ணும் வேலிக்கருவையும்தான். இடையிடையே முருங்கைத் தோட்டம். தூரத்தில் பஞ்சாலைக் கட்டிடங்கள், நீளநீளமாக, ஜன்னலே இல்லாமல். பூமி வறண்டதுதான், ஆனால் ஆட்கள் ஈரமானவர்கள். இதைப் பின்னால் சொல்கிறேன்.

அங்கே என் நாத்தனார் லூர்து வீடு. அவள் புருசன் அந்தோணி ஒரு பஞ்சாலை கேட்டில் வாட்ச்மேன். வாசலில் கால் வைக்கும்போதே நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் எதிரே வந்தது. முருங்கைக்காய்ப் பொரியல், கம்பஞ்சோறு ஒரு பக்கம், நெல்லுச்சோறு ஒரு பக்கம். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருக்கிறாள்.

ஜெசிந்தாவின் முகம் சரியில்லை. பஸ்ஸில் வரும்போதே ஒரு சேதி வந்திருந்தது. "மாறப்போற மாதிரி தெரியுதும்மா. மத்தியானத்துக்குள்ள அடுத்த சேதி வரும். வந்தவுடனே சொல்லணும்" என்றாள். போனைச் சுவரோரம் சார்ஜில் போட்டுவிட்டு, பின்பக்கம் கை கால் கழுவப் போனாள்.

நான் லூர்துவைக் கூப்பிட்டேன். "ஏ லூர்து, இந்தப் போனை எங்கயாச்சும் உள்ள வையி. பிள்ளை நிம்மதியா நாலு வாய் சாப்பிடட்டும். சாப்பிட்டு எந்திரிச்சதும் குடுத்துருவோம்."

"அதுவும் சரிதான் மதினி" என்றவள், புருசனிடம் நீட்டினாள். அந்தோணி அதைத் தன் தாயார் வழி வந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்தார். அதில் தொங்குவது பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. பூட்டி, சாவியை எப்போதும்போல அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

ஜெசிந்தா வந்து சுவரைப் பார்த்தாள். "போன் எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் லூர்து முந்திக்கொண்டாள். "நான்தான் பத்திரமா வச்சிருக்கேன் தாயி. கன்னத்தைப் பாரு, ஒட்டிப்போயிக் கெடக்கு. ஒக்காந்து சாப்பிடு, தாரேன்."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்தாள். பாதியில் எழவில்லை, மறுசோறும் வாங்கினாள். கோழிக்காலைக் கடித்துக்கொண்டே அத்தையிடம் பழைய கதையெல்லாம் பேசினாள். ஆனால் வலது காலின் பெருவிரல் மட்டும் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இந்தப் பந்தியை அண்ணன் மனைவி பார்க்கவில்லையே என்று நினைத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து, "குடுங்கத்தை" என்றாள். லூர்து பெட்டியிடம் போனாள். நின்றாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சேசு மரியே சூசையே!" என்றாள். "சாவி மாமா இடுப்புல போயிருச்சே!"

அந்தோணிக்குப் போன் போட்டால், அது அடுப்படி அலமாரி மேலேயே அடித்தது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம். லூர்துவின் போனில் நுழைந்து சொல்லலாமே என்றால், அது பட்டன் போன். ஜெசிந்தா பக்கத்து வீட்டில் நல்ல போன் இரவல் வாங்கித் தன் கணக்கைத் திறந்து பார்த்தாள். ஓடிபி கேட்டது. அந்த ஓடிபி வரவேண்டியதோ பெட்டிக்குள் இருக்கிற போனுக்கு. கூட வேலை பார்க்கிறவர்கள் நம்பரும் அதற்குள்தான். நாங்கள் மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தோம். உள்ளே டிங் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிங்.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது மாறிருச்சு" என்றாள். "இப்பச் சொல்லணும். இப்ப."

லூர்து அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டின்மேல் போட்டாள். நாலு போடு. குழவியில் சில்லு பெயர்ந்தது. பூட்டு அப்படியே இருந்தது. அந்த நிலையிலும் அவளுக்குப் பெருமை. "பாத்தியா தாயி, திண்டுக்கல்லுப் பூட்டு!" பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "அது எம்புட்டுத் தூரத்துல இருக்கு?"

"அங்கருந்து வெளிச்சம் வந்து சேரவே ஆயிரக்கணக்கான வருசம் ஆகும் அத்தை."

"அப்ப அது கக்குனது ஆயிரம் வருசத்துக்கு முந்தியா? முடிஞ்சுபோன சோலிக்கு இப்ப என்னடி அவசரம்?"

"கக்குனதோட வெளிச்சம் இன்னைக்குத்தான் நம்ம வாசலைத் தாண்டிப் போகுது. போனாப் போச்சு, திரும்பி வராது."

ஆயிரக்கணக்கான வருசம் நடந்து வந்து, சரியாக நான் பூட்டச் சொன்ன நேரத்தில் வாசலைத் தாண்டுகிறதே! சேலையை இழுத்துச் செருகினேன். "நட, ஆலைக்குப் போவோம்" என்றேன்.

அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. பஞ்சு மூட்டை ஏற்றிய ஒரு வண்டி வந்தது. கை காட்டினேன். "ஆத்தா, முன்னால ஒரு சீட்டுதான்" என்றார் ஓட்டுகிறவர். "நாங்க என்ன பஞ்சை விடக் கனமா?" என்று இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஆலை வாசலில் இறங்கும்போது எங்கள் தலை இரண்டும் ஒரே நிறம். ஜெசிந்தாவுக்கும் பஞ்சால் நரைத்துவிட்டது.

அந்தோணி கேட்டில் விறைப்பாக நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும், "பாஸ் இருக்கா?" என்றார்.

"தம்பி, நான் லூர்தோட மதினி."

"அது தெரியுதுக்கா. உள்ள போக பாஸ் இருக்கான்னு கேட்டேன்."

"உள்ள போக எவன் வந்தான்? ஒங்க இடுப்புல இருக்குற சாவியக் குடுங்க."

அவர் முகம் சிவந்துபோயிற்று. ஷிப்டு முடிந்த பெண் பிள்ளைகள் நாற்பது பேர் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்தோணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எல்லாரும் செத்த நேரம் அங்கிட்டுத் திரும்பிக்கங்க" என்றார். நாற்பது பேரும் திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாவி வந்தது, சூடாக.

திரும்ப ஆலை பஸ்தான். அது அந்தப் பெண்களை ஊர் ஊராக இறக்கிவிட்டுப் போகிற வண்டி. லூர்து வீடு கடைசி ஊரில். ஜெசிந்தா சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்ட ஒரு பெண், "ஏன்க்கா அழுகுறீங்க?" என்று கேட்டாள். ஜெசிந்தா சொன்னாள். கருந்துளை, தீனி, பீச்சு, ஏழு வருசம், பெட்டி, பூட்டு, எல்லாம்.

"எந்த அத்தைக்கா அது? கொஞ்சங்கூட அறிவு வேணாமா, இப்படியா பூட்டி வைப்பாங்க?" என்றாள் கண்ணாடிக்காரி. இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். லூர்துவை வகைவகையாகத் திட்டினார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே முருங்கை மரங்களைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இந்த வயசில் நாற்பது பெண்கள் முன்னால், அதுவும் என் பிள்ளை முன்னால்.

"டிரைவரண்ணே, மொதல்ல அக்கா ஊருக்கு விடுங்க! நாங்க பெறகு எறங்கிக்கிறோம்" என்றாள் கண்ணாடிக்காரி.

"ரூட்டை மாத்துனா என்னைக் கேப்பாங்க பாப்பா."

"கேட்டா எங்களைக் கையக் காட்டுங்க! ஏய், யாருக்காச்சும் அவசரமா வீட்டுக்குப் போகணுமா?"

எட்டு மணி நேரம் நின்று நூல் இழுத்துவிட்டு வருகிற பிள்ளைகள். ஒருத்தியும் கை தூக்கவில்லை. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு நேர் ரோட்டில் விட்டார். ஈரமான ஆட்கள் என்று முன்பே சொன்னேன்.

பெட்டி திறந்தது. ஜெசிந்தா போனோடு மொட்டைமாடிக்கு ஓடினாள். சிக்னல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் நன்றாக வருமாம். தொட்டிமேல் ஏறி நின்று எதையோ அமுக்கினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, லூர்து கொடுத்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். "சொல்லிட்டேன்" என்றாள். "மூணு மணி நேரம் பிந்திப்போச்சு. இனி அது கக்கணும், இல்ல கக்கி முடிச்சிருக்கணும்."

லூர்து என்னைத் தனியாக அடுப்படிக்குள் இழுத்தாள். "பிள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிறாதீங்க மதினி. நான் வச்சதாவே இருக்கட்டும். எனக்கு ஒரு நாள் திட்டு, அதோட போச்சு. ஒங்களுக்கு அப்படியா?" என்றாள். கையில் கொஞ்சம் முருங்கைக்காயும் கட்டிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சின்னாளப்பட்டி. அங்கே எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்துவிட்டு, பேத்திக்குக் கொடுக்க ஒரு சுங்குடிச் சேலை எடுக்கப் போனோம். அந்தக் கடைக்காரர் ஒரு சேலையை விரித்தால் நிறுத்தமாட்டார். பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று எங்கள் மடிமேலேயே குவித்துக்கொண்டு போனார். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எதற்குச் சேலை என்று ஜெசிந்தா கேட்டாள். "வளரமாட்டாளா?" என்றேன்.

சேலைக் குவியலுக்குள்ளிருந்து டிங் என்றது. போனைத் தேட நாலு சேலையை விலக்க வேண்டியிருந்தது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள். எனக்குக் கேட்கப் பயம். கடைக்காரர்தான் கேட்டார், "என்னம்மா, ஊர்ல ஏதும் சேதியா?"

"கக்கிருச்சு!" என்றாள் ஜெசிந்தா. "ரெண்டு உருண்டை. ரெண்டாவது உருண்டை கிளம்புறதை ஆரம்பத்துலருந்தே பாத்துட்டோம்! தீனி எப்படி மாறுச்சு, எப்பக் கக்குச்சு, எல்லாம் சேத்து." கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ரொம்பச் சந்தோசம் என்று சொல்லி எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

"மொத உருண்டை?" என்றேன்.

"அது முன்னமே கிளம்பி வெளிய போய்க்கிட்டு இருந்துச்சும்மா. எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாத்துப் பின்னால கணக்குப் போட்டா, நேத்து மத்தியானம் கிளம்பியிருக்கு. நாம சாவிக்கு அலைஞ்சோமே, அப்ப." டீயை ஊதினாள். "அதுதான் பெருசு. அது பிறந்ததைப் பாக்க முடியல. பரவால்ல."

பரவாயில்லை என்று சொன்ன குரல் எனக்குத் தெரியும். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வர வேண்டிய பரிசுப் புத்தகத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்தபோதும் இதே குரலில்தான் சொன்னாள்.

கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவள் போனில் எதையோ தட்ட ஆரம்பித்தாள். தட்டுகள் திரும்பிய விவரம் எல்லாவற்றையும் குறிப்பில் ஏற்ற வேண்டுமாம். அதில் தாமதம் ஆனால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டுமாம். அவள் கூட்டத்து ஆட்கள் எத்தனையோ நாட்டில் இருக்கிறார்கள், எல்லாரும் படிப்பார்களாம்.

"என்ன எழுதியிருக்கே, படி" என்றேன்.

அவள் தமிழில் சொன்னாள்: "என் அத்தை லூர்து, நான் சாப்பிட வேண்டும் என்பதற்காகப் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டதால் மூன்று மணி நேரத் தாமதம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்கம்மா."

கண்ணாடிக்காரப் பெண் திட்டியதெல்லாம் என் காதில் கேட்டது. லூர்து கட்டிக் கொடுத்த முருங்கைக்காய் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

"லூர்து பேரை எடு" என்றேன்.

"ஏம்மா?"

"அவ வைக்கல. நான் வைக்கச் சொன்னேன். ஒங்க திண்டுக்கல் மாமி முந்தாநாள் ஒரு வார்த்தை சொல்லிட்டா, சோத்தையும் போனையும் சேத்துப் பிசையுறேன்னு. அது எனக்குப் பொறுக்கல. நீ சொன்னதை நான் காதுல வாங்கல."

ஜெசிந்தா போனை மடியில் வைத்தாள். மதுரை பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"ஏழு வருசம்மா" என்றாள்.

"ஆமா."

"ஒரு வார்த்தைக்காக."

"ஆமா. தப்புதான்." அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்து எத்தனை வருசம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "எழுது. மரியபுஷ்பம் சொல்லித்தான் பூட்டுனாங்கன்னு எழுது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக லூர்து பேரை அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாக என் பேரைத் தட்டினாள். முடிவில் விரலை நிறுத்தினாள். "யோசிச்சுக்கங்கம்மா. ஒரு தடவை ஏத்திட்டா அழிக்கவே முடியாது. நான் செத்தபிறகும் அந்தக் கருந்துளை கணக்குல உங்க பேரு இருக்கும்."

"அழிக்கவே முடியாதா?"

"முடியாது."

"அப்ப இனிஷியலையும் போடு" என்றேன்.